செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, பொதுக்குழுவுக்கு நேரம் ஒதுக்கி வந்திருக்கும் அன்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

புதுச்சேரியின் பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, தமிழர் பகுதியில் எஞ்சியிருக்கும் திண்ணை வீடுகளைக் காக்க வேண்டும் என்பதற்காகத் தொடங்கப்பட்ட நம் சங்கம், 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை செய்தவற்றையும் செய்ய முடியாமற்போனவற்றையும் பொதுக்குழுவின் முன் வைப்பது செயலாளரின் கடமை. கடந்த ஆண்டு அறிக்கை நீண்டுவிட்டது என்று சிலர் குறைப்பட்டுக்கொண்டதால், இம்முறை வழக்கமான நிகழ்ச்சிகளைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன்.

ஏப்ரல் 18, உலக மரபு நாளன்று ஆனந்தரங்கப் பிள்ளை வீட்டின் முன் தொடங்கி, வைசியாள் வீதி என்று நாம் சொல்லும் கால்வே சுப்புராய செட்டியார் வீதி வரை நடைப்பயணம் நடந்தது. ஆகஸ்ட் 16, புதுச்சேரி இந்தியாவுடன் சட்டப்படி இணைந்த நாளில் கொடியேற்றி இனிப்பு வழங்கினோம். பள்ளி மாணவர்களுக்கான ஓவியப் போட்டி வழக்கம்போல் நடைபெற்றது. பொங்கலுக்குக் கோலப் போட்டி வைத்தோம். கோலம் போடத் தாழ்வாரத்தின் முன் இடமில்லாமல் கார்கள் நின்றதைப் பரிசளிப்பின்போதே கூறிவிட்டேன். சங்கத்தின் மூத்த உறுப்பினர்கள் இருவர் மறைந்தார்கள். அவர்களுக்கு மௌன அஞ்சலி செலுத்திய பின்பே இன்றைய கூட்டம் தொடங்கியது.

நடைப்பயணத்தைப் பற்றி ஒரு வார்த்தை மட்டும். வந்தவர்களில் பெரும்பாலோர் வெளியூர்க்காரர்கள். நம் வீதிகள் இவ்வளவு நேராக இருப்பதற்குப் பிரெஞ்சுக்காரர்கள்தாம் காரணம் என்று அவர்கள் நினைத்திருந்தார்கள். 1693 முதல் 1699 வரை இந்த ஊரை வைத்திருந்த டச்சுக்காரர்கள் வரைந்த திட்டத்திலேயே நேர்கோட்டு வீதிகள் இருந்தன என்று சொன்னதும் வியந்தார்கள். 1761-இல் ஆங்கிலேயர் ஊரைத் தரைமட்டமாக்கியதையும், அதனால் இன்று நாம் காணும் கட்டடங்களில் மிகப் பெரும்பாலானவை 1765-க்குப் பின் எழுந்தவை என்பதையும், அந்த அழிவுக்கு முந்தைய மிகச் சில வீடுகளில் பிரெஞ்சுக்காரர்களின் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் வீடு ஒன்று என்பதையும் அந்த வாசலிலேயே நின்று விளக்கினேன். கீழே நம் மரத்தூண்களும் மேலே பிரெஞ்சுப் பாணித் தூண்களுமாக நிற்கும் அந்த வீட்டைப் பார்த்தபின் வேறு விளக்கம் தேவைப்படவில்லை. உள்ளூர் உறுப்பினர்கள் ஐவர் வந்திருந்தார்கள். ஐவரில் மூவர் செயலாளரின் வீட்டார்.

இனி, இந்த ஆண்டு பலமுறை விவாதத்துக்கு உள்ளான சுண்ணாம்புத் தொட்டியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. செயற்குழுவில் இதை "செயலாளரின் தொட்டி" என்று சிலர் அழைப்பதாகக் கேள்விப்பட்டேன். 2024 மே மாதச் செயற்குழுவில் தீர்மானம் நிறைவேற்றப்பட்டு, அதில் கையொப்பமிட்ட அனைவருடைய தொட்டியும்தான் அது என்பதை நினைவூட்டுகிறேன்.

நம் வீடுகள் செங்கல்லாலும் சுண்ணாம்புச் சாந்தாலும் கட்டப்பட்டவை. மேல்தளம் மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்திரத்தின் மேல் கட்டைகளை அடுக்கி, அவற்றின் மேல் ஆச்சிக்கல் எனும் சிறு செங்கல்லைக் குத்துவாட்டில் பதித்து, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி இடித்து, தட்டோடு பரப்பியது. இத்தகைய சுவர் மழையில் நீரை வாங்கும், வெயிலில் அதை வெளியே விடும். அதன் மேல் சிமென்ட் பூசினால் உள்ளே போன ஈரம் வெளியேற வழியில்லாமல் நின்றுவிடுகிறது. கடற்காற்றில் வந்த உப்பும் தரையிலிருந்து ஏறிய உப்பும் பூச்சுக்குப் பின்னால் படிந்து பூத்து, சில ஆண்டுகளில் சிமென்ட் பூச்சு செங்கல்லின் மேற்பரப்பையும் பிய்த்துக்கொண்டு விழுகிறது. விழுந்ததைப் பார்த்து வீட்டுக்காரர் சுவர் பழசாகிவிட்டது என்று முடிவு செய்கிறார். இடிக்க ஆள் வருகிறது. இடிபட்ட வீடுகளில் எத்தனை இப்படிச் சிமென்ட்டால் கெட்டவை என்பதை நம் சங்கத்தில் யாரும் கணக்கெடுக்க முன்வரவில்லை; அதற்கென அமைத்த துணைக்குழு ஒருமுறையும் கூடவில்லை.

சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்கள் அருகி வருகிறார்கள், தெரிந்தவர்களுக்கும் ஊறிய சுண்ணாம்பு கிடைப்பதில்லை என்பதால்தான் தொட்டி கட்டும் யோசனை எழுந்தது. உறுப்பினர் ஒருவரின் பின்கட்டில், அவருடைய தாயாரின் அனுமதியுடன், மே மாதக் கடைசியில் தொட்டி கட்டினோம். கிளிஞ்சல் சுண்ணாம்பை வரவழைத்து, நீற்றி, சலித்து, தண்ணீருக்கு அடியில் ஊறப் போட்டோம். மேலே எப்போதும் தண்ணீர் நிற்க வேண்டும். காற்றுப் பட்டால் சுண்ணாம்பு இறுகிவிடும். கடுக்காயும் பனைவெல்லமும் தனியே ஊறவைத்து அந்த நீரைச் சாந்தில் சேர்த்தோம். மரக்காணம் பக்கத்திலிருந்து எழுபது வயதைக் கடந்த மேஸ்திரி ஒருவர் வந்து, நம் வீதிப் பையன்கள் நால்வருக்கு வேலை சொல்லிக்கொடுத்தார். தொடக்கத்தில் ஆறு பேர் வந்தார்கள். இருவர் முதல் வாரத்திலேயே உணவகத்தில் நல்ல சம்பளத்துக்குப் போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

ஆகஸ்டில் ஒரு வீட்டின் திண்ணைச் சுவரையும் தாழ்வாரத்தையும் எடுத்துக்கொண்டோம். தெருவில் போவோர் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்குவதற்காக வீட்டுக்காரர் தம் செலவில் தூண் நட்டு ஓடு வேய்ந்து விட்ட இடம் தாழ்வாரம். அதற்கு அடுத்து, வந்தவர் உட்காரத் திண்ணை. அதற்கும் அப்பால்தான் வீட்டின் கதவு. நான் சிறுவனாக இருந்தபோது மழைநாளில் பள்ளியிலிருந்து தாழ்வாரத்துக்குத் தாழ்வாரம் தாவி நனையாமல் வீடு வந்து சேர முடிந்தது. இன்று அப்படி வருபவர் மூன்றாவது வீட்டிலேயே நனைந்துவிடுவார். நாங்கள் எடுத்துக்கொண்ட வீட்டின் இரண்டு மரத்தூண்களின் அடிப்பகுதி செல்லரித்திருந்தது. முழுத் தூணையும் மாற்றாமல், கெட்ட பகுதியை மட்டும் அறுத்து, பழைய தேக்கையே தேடி வாங்கி ஒட்டுப் போட்டோம். கருங்கல் பாதமும் வைத்தோம்.

முதல் பூச்சில் தவறு நேர்ந்தது என்பதை மறைக்கப்போவதில்லை. வேலையை ஆகஸ்ட் 16 விழாவுக்குள் காட்ட வேண்டும் என்ற அவசரத்தில் பூச்சை நாள்தோறும் நனைத்துக் காயவிடவில்லை; கடும் வெயிலில் அது மயிரிழை மயிரிழையாக வெடித்தது. விழாவுக்கு வந்தவர்கள் அந்த வெடிப்பைப் படம் எடுத்ததும், அந்தப் படம் சங்கத்தின் வாட்ஸாப் குழுவில் நான்கு நாட்கள் சுற்றியதும் அனைவருக்கும் தெரியும். அதைச் சுரண்டியெடுத்து, ஈரச்சாக்கு கட்டி, செப்டம்பர் இறுதியில் மறுபடி பூசி முடித்த படத்தையும் அதே குழுவில் வெளியிட்டேன். அதற்கு இருவர் மட்டுமே பதிலளித்தார்கள்.

நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் நம் ஊருக்கு அருகில் கரையைக் கடந்தது. ஒரே நாளில் 40 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியது. 2014-இல் நகர மன்றமான மேரி கட்டடம் மழையில் சரிந்து விழுந்தது நவம்பர் 29-ஆம் நாள். பத்து ஆண்டுகளும் ஒரு நாளும். 19-ஆம் நூற்றாண்டில் கட்டிய அந்தக் கட்டடம், பழுதுபார்க்க வேண்டும் என்று பலர் பல ஆண்டுகள் சொல்லிக்கொண்டிருந்த பின் ஒரு மாலையில் விழுந்தது. பிறகு அதே உருவில் புதிதாகக் கட்டி 2021 பிப்ரவரியில் திறந்தார்கள். புதிய கட்டடம் அழகாகவே இருக்கிறது. ஆயினும் அரசுக் கட்டடம் விழுந்தால் உலக வங்கி உதவியுடன் மீண்டும் எழும். நம் வீதியில் ஒரு வீடு விழுந்தால் அந்த இடத்தில் என்ன எழும் என்பது நமக்குத் தெரிந்ததே.

புயலுக்கு மறுநாள் காலை முழங்கால் தண்ணீரில் நடந்து நம் வீதிகளைப் பார்வையிட்டோம். நாங்கள் என்றால் நானும் துணைச் செயலாளரும். சாலையை ஒவ்வொரு முறையும் சுரண்டாமல் மேலே மேலே போட்டதால், ஒரு காலத்தில் மூன்று படி ஏறிச் செல்ல வேண்டியிருந்த வீடுகளில் இப்போது ஒரு படி இறங்கிச் செல்ல வேண்டியிருக்கிறது. தெருத் தண்ணீர் நேரே முற்றத்துக்குள் போய் நின்றது. முற்றத்திலிருந்து நீரை வெளியேற்றும் பழைய வடிகால்கள் பல வீடுகளில் குளியலறை கட்டியபோது அடைக்கப்பட்டுவிட்டன. சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்கு இது குறித்து மூன்று மனுக்கள் கொடுத்தோம். ஒப்புகைச் சீட்டுகள் மூன்றும் கோப்பில் உள்ளன.

நம் தொட்டிச் சுண்ணாம்பு பூசிய சுவர் அந்த மழையில் நனைந்து கறுத்துப்போயிற்று. செயற்குழுவில் மீண்டும் பேச்சு எழுந்தது. பொங்கலுக்குள் அது காய்ந்து பழைய நிறத்துக்கு வந்துவிட்டது, ஓரிடத்திலும் உதிரவில்லை. அதே வரிசையில் இரண்டு ஆண்டுகளுக்கு முன் சிமென்ட் பூசிய சுவர் மாசி மாதத்திலும் இடுப்பளவு ஈரத்துடன் உப்புப் பூத்து நின்றது. இரண்டையும் தொட்டுப் பார்க்க வருமாறு எல்லாருக்கும் தகவல் அனுப்பினேன். சிமென்ட்டில் பாதிச் செலவில் முடித்திருக்கலாம் என்று கூறிய பொருளாளர் அவர்கள் நேரில் வந்து தொட்டுப் பார்த்தார் என்பதை நன்றியுடன் பதிவு செய்கிறேன். அவர் கருத்தை மாற்றிக்கொண்டதாகச் சொல்லவில்லை. ஆனால் தம் வீட்டுப் பின்சுவருக்கு எவ்வளவு சுண்ணாம்பு தேவைப்படும் என்று கேட்டார்.

வருகைப் பதிவேட்டைப் பற்றியும் கூற வேண்டும். செயற்குழு பத்து முறை கூடியது. அதில் நான்கு முறை குறைந்தபட்ச வருகை இல்லாமல், வந்தவர்கள் காபி குடித்துவிட்டுக் கலைந்தோம். 61 உறுப்பினர்களில் ஆண்டுச் சந்தாவை முழுமையாகச் செலுத்தியவர்கள் 23 பேர். நிலுவைப் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம் என்ற யோசனையைத் தலைவர் அவர்கள் கண்ணியம் கருதித் தடுத்துவிட்டதால், பட்டியல் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. விரும்புவோர் தம் பெயரை மட்டும் வந்து பார்த்துக்கொள்ளலாம்.

சந்தாவைவிட எனக்கு வருத்தம் தந்தது வேறொன்று. நம் சங்கத்தின் தொடக்ககால உறுப்பினர் ஒருவர், நடைப்பயணங்களில் திண்ணையின் பெருமையைப் பேசியவர், இந்த ஆண்டு தம் வீட்டுத் திண்ணையை இடித்து, தாழ்வாரத் தூண்களை விற்று, அந்த இடத்தில் விடுதிக்கு வரவேற்பறை அமைத்திருக்கிறார். குடும்பத்தில் பாகப் பிரிவினை, மகனின் படிப்புச் செலவு என்று அவருக்கும் காரணங்கள் உண்டு. நாம் அவருக்கு ஒரு ரூபாய் உதவவில்லை என்பதும் உண்மை. பழைய வீட்டைக் காக்கச் சொல்பவர்கள் அதற்கான செலவை வீட்டுக்காரர் தலையில் மட்டும் வைத்தால் இப்படித்தான் முடியும். வைசியாள் வீதியில் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியுடன் வரிசையாக முகப்புகளைச் சீரமைக்க முடிந்ததும், அந்தப் பணி 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபு விருதைப் பெற்றதும், வீட்டுக்காரர்களுடன் பணமும் ஆளும் சேர்ந்து நின்றதால்தான். ஆனாலும், புதிய சுவருக்கு மஞ்சள் வண்ணமும் வெள்ளை விளிம்பும் அடித்து, 'பிரெஞ்சு இல்லம்' என்று அவர் பலகை மாட்டியதைக் கடந்து செல்லும்போதெல்லாம் தலையைத் திருப்பிக்கொள்கிறேன். வாய்க்காலுக்குக் கிழக்கே, பிரெஞ்சுப் பகுதியில் உள்ளதை மேற்கே பூசிக்கொள்ள வேண்டிய அவசியம் நமக்கு ஏன் வந்தது என்று புரியவில்லை.

வரவு செலவு அறிக்கையைப் பொருளாளர் தனியே வாசிப்பார். சுருக்கமாகச் சொன்னால், வரவைவிடச் செலவு ஓரளவு கூடுதல். தொட்டிக்கும் தேக்குக்கும் ஆனது எதிர்பார்த்ததற்கு அருகிலேயே இருந்தது. பற்றாக்குறையைப் பெயர் குறிப்பிட விரும்பாத உறுப்பினர் ஒருவர் கைமாற்றாகக் கொடுத்திருக்கிறார். அவர் அவசரப்படுத்தவில்லை. அவர் மகளுக்கு ஆவணியில் திருமணம் என்பதை மட்டும் இங்கே குறிப்பிடுகிறேன்.

கூட்டத்துக்கு இடம் தந்த பள்ளி நிர்வாகத்துக்கும், பின்கட்டைத் தந்த குடும்பத்துக்கும், மேஸ்திரி அவர்களுக்கும், பரிசுப் பொருட்கள் வழங்கிய வணிகர்களுக்கும், தலைவர், துணைத் தலைவர், பொருளாளர் ஆகியோருக்கும், ஒத்துழைத்த உறுப்பினர்களுக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி.

வரும் ஆண்டில் இன்னும் இரண்டு தாழ்வாரங்களை எடுத்துக்கொள்ள விண்ணப்பங்கள் வந்துள்ளன. அவற்றில் ஒன்று இந்த மழைக்காலத்தைத் தாங்காது என்று மேஸ்திரி சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். செயலாளர் பொறுப்பில் நான் ஆறு ஆண்டுகள் இருந்துவிட்டேன். புதியவர் எவரேனும் முன்வந்தால் கோப்புகளையும் முத்திரையையும் இன்றே ஒப்படைக்கத் தயாராக இருக்கிறேன். கடந்த பொதுக்குழுவிலும் இதையே சொன்னேன் என்பதும், அப்போது மண்டபம் அமைதியாக இருந்தது என்பதும் நினைவிருக்கிறது. யார் வந்தாலும் தொட்டியில் நான்கு விரற்கடைக்குக் குறையாமல் தண்ணீர் நிற்க வேண்டும். இப்போது வாரத்துக்கு இருமுறை, சைக்கிளில் போய், நான் ஊற்றி வருகிறேன். பின்கட்டுச் சாவி வாசல் மாடத்தில், விளக்குக்குப் பின்னால் இருக்கிறது.

செயலாளர்