தொட்டிலுக்குப் பக்கத்தில் அந்தச் சீசா

அன்பு மகளுக்கு,

குழந்தைக்கு மூக்கடைத்திருக்கிறது, "நீ எனக்குத் தடவுவாயே, அந்தத் தைலம் இரண்டு சொட்டு போடட்டுமா அம்மா?" என்று நேற்று போனில் கேட்டாய். வேண்டாம் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். காரணத்தைப் போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அப்போது உனக்கு எட்டு மாதம். மூக்கடைத்துப் பால் குடிக்க முடியாமல் அழுதாய். புதினாத் தைலத்தை விரல் நுனியில் தொட்டு உன் மூக்கின் கீழே தடவினேன். அழுகை சட்டென்று நின்றது. தூங்கிவிட்டாய் என்று நினைத்து விளக்கைப் போட்டால், வாய் திறந்திருக்கிறது, மார்பு அசையவில்லை. தோளில் போட்டு முதுகைத் தட்டியபிறகுதான் மூச்சு வந்தது. சில நொடிகள்தான் இருக்கும். இன்றுவரை இதை யாரிடமும் சொன்னதில்லை.

புதினாத் தைலத்தில் இருக்கும் மெந்தாலின் நெடி மூக்கருகே பட்டால் கைக்குழந்தையின் தொண்டை இறுகி மூச்சு நின்றுவிடக்கூடும் என்று பிறகு மருத்துவர் சொன்னார். யூகலிப்டஸ், கற்பூரம் கலந்தவையும் கைக்குழந்தைக்கு வேண்டாம். செடியிலிருந்து வந்ததுதானே என்று நானும் நம்பியிருந்தேன். ஒரு சொட்டுக்குள் எத்தனை இலையின் சாரம் இறுகியிருக்கிறது என்று யோசிக்கவில்லை.

மூக்கடைப்புக்கு உப்புநீர்ச் சொட்டு போதும். பால் கொடுக்கும் முன் விட்டுச் சளியை உறிஞ்சி எடு. மூச்சு வாங்கினாலோ விலா உள்ளிழுத்தாலோ காத்திருக்காதே, மருத்துவமனைக்குப் போ.

அவனுக்கு இரண்டு வயது தாண்டியபின் லாவெண்டர் போன்ற மென்மையானதைத் தடவ ஆசைப்பட்டால், மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, 30 மில்லி சாதா எண்ணெயில் மூன்று சொட்டுக்கு மேல் கலக்காதே. அவன் கையில் தடவாதே, அது நேரே வாய்க்கும் கண்ணுக்கும் போகும். குளிக்கும் நீரிலும் விடாதே. தைலம் நீரில் கரையாது, மிதந்து தோலில் அப்படியே ஒட்டிக்கொள்ளும்.

எனக்குப் பெரிய பயம் குடித்துவிடுவதுதான். யூகலிப்டஸ் தைலம் ஒரு தேக்கரண்டி உள்ளே போனாலே வலிப்பு வரலாம். வலிக்குத் தடவும் விண்டர்கிரீன் தைலம் 5 மில்லியில் சுமார் 7 கிராம் ஆஸ்பிரினுக்கு ஈடான மருந்து இருக்கிறது. அப்படி நேர்ந்தால் வாந்தி எடுக்க வைக்காதே, தைலம் நுரையீரலுக்குள் போய்விடும். சீசாவையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே ஓடு.

நேற்று வீடியோவில் தொட்டிலுக்குப் பக்கத்து மேசையில் ஒரு பழுப்புச் சீசா தெரிந்தது, மூடி சரியாகத் திருகாமல். அவன் பிடித்துக்கொண்டு நிற்கத் தொடங்கிவிட்டான் என்றும் நீயே சொன்னாய். கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு முதலில் அதை எடுத்துப் பூட்டி வை. வைத்ததும் எனக்குப் போன் செய்.

அம்மா