அப்பா பார்த்த கோழியும் நான் பார்த்த கோழியும்

அன்பு மகள்,

நாங்கள் சுகம். அப்பாவின் முழங்கால் முந்தியதைவிடப் பரவாயில்லை. இல்லாவிட்டால் போன கிழமை சிங்கராஜ வனத்துக்கு என்னோடு வந்திருப்பாரா? "யாழ்ப்பாணத்தில் இல்லாத கோழியா?" என்று வான் வண்டியில் ஏறியதில் இருந்து ஒரே முணுமுணுப்பு.

நான் தேடிப் போனது சிங்களத்தில் ஹபன் குகுளா என்கிற கோழியினத்தை. இலங்கையை விட்டால் உலகில் வேறெங்கும் இல்லாத பறவை. தேசியப் பறவையான காட்டுக்கோழி காட்டு வாசலிலேயே மேய்ந்துகொண்டு நின்றது. அதை யாரும் தேடத் தேவையில்லை. ஹபன் குகுளா அப்படி வெளியில் வராது. சேவலின் ஒவ்வொரு காலிலும் இரண்டு முள், சிலதுக்கு இன்னும் கூட. ஒரு காலத்தில் கறிக்காகப் பிடித்த இனம்தானே, பயந்து ஒளிவதில் என்ன பிழை?

குடாவ வாசல் பக்கத்தால் காட்டுக்குள் போனோம். அட்டைக்குச் சவர்க்காரம் பூசியும் அப்பாவின் காலில்தான் ஏறியது. விடிந்து கொஞ்ச நேரத்தில் சத்தம் கேட்டது. மூன்று மூன்று சீழ்க்கையாக ஏறிக்கொண்டே போய், சட்டென்று தொடங்கிய சுருதிக்கு இறங்கி நின்றுவிடும். எந்தப் பக்கம் என்று பிடிக்கவே முடியாது. இடப்பக்கம் என்று திரும்பினால் வலப்பக்கம் கேட்கும். கூட வந்த வழிகாட்டித் தம்பி நடக்க வேண்டாம், இருங்கள் என்று கையைக் காட்டினான். இருந்தோம். கொசு, அட்டை, அப்பாவின் பெருமூச்சு எல்லாவற்றோடும்.

அப்புறம் பன்னச் செடிகளுக்குள் இலை அசைந்தது. பெட்டை. செங்கபில உடம்பு, கண்ணைச் சுற்றி சிவப்புத் தோல், காலும் அதே சிவப்பு. இரண்டு தரம் சருகைக் கிளறியது, தலையை நிமிர்த்தி எங்கள் பக்கம் பார்த்தது, ஓடாமல் நடந்தே உள்ளே போனது. பின்னால் சேவல் வந்தது போல இருந்தது. கறுப்பில் வெள்ளைப் புள்ளி ஏதோ தெரிந்தது, அவ்வளவுதான். அதைப் பார்த்ததாக நான் எழுதிக்கொள்ளவில்லை.

அடுத்த நாள் காலை அப்பா, காட்டோரத்து வீடு ஒன்றில் அரிசி போட்டுக் கோழியை வரவழைக்கிறார்களாம் என்று கேள்விப்பட்டு அங்கே போய்விட்டார். மறைப்புக்குப் பின்னால் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டே சேவலும் பெட்டையும் ஆற அமரப் பார்த்தாராம். போட்டோ வேறு. நான் போகவில்லை. அரிசிக்கு வருகிற கோழி எங்கள் முற்றத்திலும் நிற்கிறது என்றேன். "பொறாமை" என்றார். கொஞ்சம் இருக்கலாம், சரி.

அந்தப் போட்டோவை உனக்கும் அனுப்பியிருப்பார், பார்த்துப் பாராட்டி விடு. நீ லீவு எடுத்தால் ஜனவரிக்குப் பிறகு, மழை குறைந்த நேரமாகப் பார்த்து எடு. எனக்கு அந்தச் சேவலைக் காட்டுக்குள் வைத்தே பார்க்க வேண்டும். வரும்போது அப்பாவுக்கு நல்ல முழங்கால் பட்டி ஒன்று வாங்கி வா. இங்கே வாங்கியது ஒரு நாளிலேயே தளர்ந்துவிட்டது.

அன்புடன்,
அம்மா