கழியில் திறந்துவிடும் தண்ணீர்: பாக் விரிகுடாக் கரையோர இறால் பண்ணை உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பண்ணை உரிமையாளர்களுக்கு,

வணக்கம். இராமநாதபுரம் மாவட்டத்தில் தேவிபட்டினத்திலிருந்து திருப்பாலைக்குடி, தொண்டி வரை கரையோரம் இறால் குளம் வைத்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். பண்ணையை மூடுங்கள் என்று சொல்ல வரவில்லை. எங்கள் ஊர்ப் பிள்ளைகளும் உங்களிடம் தீவனம் போடவும் காவலுக்கும் வேலை பார்க்கிறார்கள். நான் கேட்பது, பிடிப்பு முடிந்ததும் குளத்துத் தண்ணீரை அப்படியே கழியில், அதாவது கடலோடு சேரும் உப்புநீர் ஓடையில், திறந்து விடாதீர்கள் என்பதுதான்.

மதகைத் திறந்ததும் முதலில் வரும் மேல்தண்ணீர் கூடப் பரவாயில்லை. கடைசியில் வரும் கறுப்புச் சகதிதான் பெரிய கெடுதல். தின்றது போக மிஞ்சிய தீவனம், எச்சம், இறால் கழற்றிப் போட்ட ஓடு, செத்த பாசி எல்லாம் மாதக்கணக்கில் அடியில் அழுகிக் கிடந்தது அது. நீங்கள் காசு கொடுத்து வாங்கும் தீவனத்தில் உள்ள நைட்ரஜனில் பாதிக்கு மேல் இறாலின் உடம்பில் சேர்வதே இல்லை. தண்ணீரிலும் சகதியிலும்தான் தங்குகிறது. அது கழிக்கு வந்தால் நுண்பாசி கொழுத்துத் தண்ணீர் பச்சையாகும். இரவில் ஆக்சிஜன் இறங்கும், விடியும்போது மீன்குஞ்சு செத்து மிதக்கும். வெயில் அடிவரைக்கும் போகாததால் கடற்புல் மடியும். பாக் விரிகுடா ஆழம் குறைந்த கடல். மழை இல்லாத மாதங்களில் கழியை அலசிக்கொண்டு போக நம் பக்கம் ஆற்றுவெள்ளமும் கிடையாது. கடற்புல் போனால் அதில் வளரும் ஓரா மீனும் நண்டும் போகும், கடற்புல்லையே தின்று வாழும் ஆவுளியா என்ற கடற்பசுவும் போகும். வத்தை என்ற சின்னப் படகில் கரையோரம் வலை விடுகிறவர்களுக்கு வேறு கடல் இல்லை.

இதில் உங்களுக்கும் நட்டம் இருக்கிறது. எந்தக் கழியில் கழிவைத் திறக்கிறீர்களோ, அதே கழியில்தான் அடுத்த பண்ணைக்காரர் மோட்டார் வைத்துத் தண்ணீர் இறைக்கிறார். 1990-களின் நடுவில் வெள்ளைப்புள்ளி நோய் வந்து கிழக்குக் கரையில் பண்ணை பண்ணையாக அழிந்ததைப் பழைய ஆட்கள் மறந்திருக்க மாட்டார்கள். நோய் வந்த குளத்தைப் பயத்தில் ராத்திரியோடு ராத்திரியாகத் திறந்துவிட்டால் அந்தக் கிருமி தண்ணீரோடும் நண்டோடும் அடுத்த குளத்துக்குப் போகும். அப்படிப்பட்ட குளத்துக்கு பிளீச்சிங் போட்டு, குளோரின் முழுக்கப் போகும்வரை மதகை அடைத்து வைக்க வேண்டும். அவசரப்பட்டுத் திறந்தால் குளோரினே மீனைக் கொல்லும்.

சட்டம் உங்களுக்குத் தெரியாததல்ல. பழைய இராமநாதபுரம் சீமையில் பிறந்த சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில்தான் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கடலோரப் பண்ணைகளை அகற்றச் சொன்னது. அப்புறம் 2005-இல் வந்த கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம், பதிவு செய்து ஒழுங்காக நடத்த வழிவிட்டது. அதன் வழிகாட்டு நெறிகள் 500 பேருக்கு மேல் இருக்கும் ஊரிலிருந்து 300 மீட்டரும், குடிநீர் எடுக்கும் இடத்திலிருந்து 100 மீட்டரும் தள்ளியிருக்கச் சொல்கின்றன. இந்த 100 மீட்டரை லேசாக நினைக்காதீர்கள். ஊருணியையும் மணல் ஊற்றையும் நம்பிக் குடம் தூக்குகிற மாவட்டம் இது. கரை கசிந்து உப்பு ஒரு தடவை ஊற்றில் இறங்கிவிட்டால், நல்ல மழை பல வருடம் பெய்தாலும் அது தெளியுமா என்று சொல்ல முடியாது.

செய்ய வேண்டியது பெரிய வித்தை இல்லை. பண்ணையில் ஒரு பகுதியைக் கழிவுநீர்க் குளமாக ஒதுக்குங்கள். தண்ணீர் அங்கே தேங்கிச் சகதி படியட்டும். அதற்கடுத்த குளத்தில் மடவை மீன், ஆளிச் சிப்பி, கடற்பாசி வளர்த்தால் மிச்சச் சத்தை அவை எடுத்துக்கொள்ளும். அடிச்சகதியைக் குளத்திலேயே காயவைத்து, அள்ளிக் குளத்துக் கரைக்குப் போடலாம். சின்னப் பண்ணைக்கு இடம் போதாது என்பீர்கள், அது நியாயம்தான். ஒரே கழியைப் பயன்படுத்துகிற நாலைந்து பேர் சேர்ந்து பொதுவாக ஒன்று வெட்டுங்கள். யார் எந்த வாரம் திறப்பது, யார் இறைப்பது என்றும் பேசி வையுங்கள். மடவை, பாசி வளர்ப்பில் யோசனை கேட்க மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மண்டல மையம் இருக்கிறது.

அடுத்த முறை குஞ்சு விடுவதற்கு முன்னால், உங்கள் கழியோரத்து மீனவ ஊர்களில் ஒரு கூட்டம் கூட்டுங்கள். பாசி எடுக்கும், நண்டு பிடிக்கும் பெண்களையும் அழையுங்கள். பிடிப்புத் தேதியை ஊருக்கு முன்கூட்டியே சொல்லுங்கள். கழிவுநீர்க் குளம் எங்கே வரப்போகிறது என்று எங்களுக்குக் காட்டுங்கள். கூப்பிட்டால் நாங்கள் வருகிறோம்.

இப்படிக்கு,
தொண்டிப் பக்கத்து மீனவன் ஒருவன்