சேதுவுக்கு: ஜோஷிமத் பற்றி

அன்புள்ள சேது,

கடிதம் கிடைத்தது. மே கடைசியில் பத்ரிநாத், அத்தையும் உடன் வருகிறார் என்று எழுதியிருந்தாய். டிராவல்ஸ்காரர் கொடுத்த திட்டத்தில், பத்ரிக்குப் போகும் வழியில் உள்ள ஜோஷிமத் வெறும் ராத்தங்கலாக இருக்கிறது. அதை மாற்று, இரண்டு இரவாவது அங்கே இரு. ஊர் சுமார் 1,900 மீட்டர் உயரம், பத்ரி 3,100 மீட்டருக்கு மேல். நடுவில் 45 கிலோமீட்டர்தான். உடம்பு பழகாமல் ஒரே மூச்சில் ஏறினால் தலைவலியும் குமட்டலும் வரும், அத்தை வயசுக்கு மூச்சுத் திணறலும் வரலாம்.

ரிஷிகேஷிலிருந்து ஜோஷிமத் 250 கிலோமீட்டர் சொச்சம். பத்து மணி நேரம் என்பார்கள், நம்பாதே. மண் சரிந்தால் ஜேசிபி வந்து வழி விடும்வரை காத்துக் கிடக்க வேண்டும். ஶ்ரீநகருக்கும் (காஷ்மீர் அல்ல, கட்வால் ஶ்ரீநகர்) ருத்ரபிரயாகைக்கும் நடுவே சிரோபகட் என்ற இடம் அதற்குப் பேர்போனது. இருட்டிய பிறகு மலைப்பாதையில் வண்டி விடமாட்டார்கள், அதனால் விடியுமுன் கிளம்பு. பத்ரி உள்ளிட்ட நான்கு தலங்களுக்கான சார்தாம் யாத்திரைப் பதிவை இங்கிருந்தே முடித்து, அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்.

நரசிம்மர் கோயில் கடைத்தெருவுக்குக் கீழே. படி இறங்கிப் போகலாம், ஆனால் திரும்ப ஏறுவது முழங்கால் வலிக்காரர்களுக்கு ஆகாது. சுற்றுப்பாதையில் வண்டியே கிட்டத்தில் போகும். மூர்த்தி சிறியவர், சாளக்கிராமம், அமர்ந்த கோலம். இடக்கை மணிக்கட்டு நூலாய் இளைத்துக்கொண்டே வருகிறது, அது ஒடியும் நாளில் ஜய விஜய மலைகள் சேர்ந்து பத்ரி வழி அடைபடும் என்பது ஐதீகம். மாலையும் பட்டும் சாத்திவிட்டால் கை தெரியாது. காலை அபிஷேக வேளைக்குப் போ. பக்கத்து வாசுதேவர் கோயிலை விட்டுவிடாதே, பாதிப் பேர் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

திருமங்கையாழ்வார் பாடிய திருப்பிரிதி என்ற தலம் இதுதான் என்று வைணவர்களில் பலர் கொள்கிறார்கள், மானசரோவர் பக்கம் என்பாரும் உண்டு. பெரிய திருமொழியில் பிரிதிப் பதிகத்துக்கு அடுத்து வருவது பத்ரி. சாலையும் அப்படித்தான் போகிறது. இதனால் மட்டும் எதுவும் நிரூபணமாகாது, ஆனாலும் அங்கே நின்று பத்துப் பாட்டையும் படித்துப் பார்.

குளிர்காலத்தில் பத்ரி பெருமாளே இங்கே வந்துவிடுகிறார் என்று நம் பக்கத்தில் சொல்வார்கள். உண்மையில் பத்ரி கோயிலின் உத்தவர், குபேரர் மூர்த்திகள் வழியிலுள்ள பாண்டுகேஸ்வரத்தில் தங்குகிறார்கள். ஜோஷிமத்துக்கு வருவது ஆதிசங்கரரின் பீடம்.

சங்கரர் தவமிருந்ததாகச் சொல்லும் குகை ஊரின் மேற்புறம், மடத்தை ஒட்டி. தலை குனிந்துதான் நுழைய வேண்டும், உள்ளே நாலைந்து பேருக்கு மேல் இருந்தால் நெருக்கடி. வெளியே கற்பக விருட்சம் என்று கும்பிடுவது ஒரு முசுக்கட்டை மரம். வயதைப் பற்றி ஆளுக்கொரு கணக்கு சொல்வார்கள். அடிமரத்தின் சுற்றளவைப் பார்த்தால் மறுக்கத் தோன்றாது.

விஷ்ணுபிரயாகையில் அலகநந்தாவும் தௌலிகங்கையும் சேருமிடத்துக்குச் செங்குத்துப் படிகள். ஆற்றின் இழுப்பு பொல்லாதது. முங்க வேண்டாம், சொம்பில் மொண்டு தலையில் தெளித்துக்கொண்டால் போதும்.

இனி முக்கியமான விஷயம். ஊரே பழைய மண்சரிவுக் குவியலின் மேல் உட்கார்ந்திருக்கிறது. கட்டடம் பெருக்காதீர்கள், பாறைகளைத் தோண்டாதீர்கள், வெடி வைக்காதீர்கள் என்று 1976-லேயே அரசு அமைத்த மிஸ்ரா குழு எழுதிக் கொடுத்தது. யாரும் கேட்கவில்லை. கழிவுநீர் போக ஒழுங்கான வடிகால் இல்லாமல் உள்ளுக்குள் இறங்கியது, அடிவாரத்தை ஆறு அரித்தது. 2023 ஜனவரியில் நூற்றுக்கணக்கான வீடுகள் விரிசல் விட்டன. டிசம்பர் 27 முதல் ஜனவரி 8 வரை 12 நாளில் மட்டும் தரை 5.4 சென்டிமீட்டர் தாழ்ந்ததை இஸ்ரோவின் செயற்கைக்கோள் படங்கள் காட்டின. ஜோஷிமத்துக்கு மேலே உள்ள அவுலிக்குப் போக, அப்போது நிறுத்திய ரோப்வேயை நம்பித் திட்டம் போடாதே, சாலை வழியாகவே போகலாம்.

லாட்ஜில் முன்பணம் கொடுக்குமுன் அறையைப் பார். சுண்ணாம்பில் மயிரிழை விரிசல் எங்கும் இருக்கும், அது பரவாயில்லை. கதவு மூலையிலிருந்து சாய்வாய் ஓடி, விரல் நுனி நுழையும் பிளவு இருந்தாலோ, கதவு நிலையில் சிக்கினாலோ வேறு இடம் தேடு. சிங்தார், மனோகர் பாக் பகுதிகள் அதிகம் அடிபட்டவை.

இன்னும் ஒரு நாள் கையில் இருந்தால் தபோவன் வழியாகச் சுபைன் கிராமம் போய் வருங்கால பத்ரி என்று சொல்லும் பவிஷ்ய பத்ரி கோயிலுக்கு ஏறு. கடைசி ஏற்றம் காட்டுவழி, அத்தையால் முடியாது. அவர் தபோவன் வெந்நீர் ஊற்றருகே இருக்கட்டும்.

தேதி முடிவானதும் எழுது. தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

உன்,
கண்ணன்