பாப்பாவின் வி.இ.பி. பரிசோதனை: கமலாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள கமலா,

உன் கடிதம் கிடைத்தது. சின்னவனுக்குத் தஞ்சாவூரிலேயே வேலை கிடைத்ததில் எனக்கும் நிம்மதி. இங்கே அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. காலையில் பேப்பரை அவரிடமிருந்து வாங்கவே முடியவில்லை.

பேத்தி விஷயத்துக்கு வருகிறேன். ஐந்து மாதமாகியும் முகம் பார்த்துச் சிரிக்கவில்லை, கண்மணி இரண்டும் பக்கவாட்டில் ஆடுகிறது, டாக்டர் வி.இ.பி. (visual evoked potential) பரிசோதனை எழுதியிருக்கிறார், தலையில் கரண்ட் வைப்பார்களோ என்று மகள் அழுகிறாள் என்று எழுதியிருந்தாய். துளி கரண்டும் உள்ளே போகாது என்று முதலில் அவளிடம் சொல். கண்ணில் பட்ட காட்சி நரம்பு வழியாகப் பின்மண்டைக்குப் போய்ச் சேரும்போது மூளை தானே எழுப்பும் மின்சாரத்தை வெளியிலிருந்து அளக்கிறோம், அவ்வளவுதான்.

முதல் நாளே பாப்பாவுக்குத் தலைக்குக் குளிப்பாட்டிவிடுங்கள். அப்புறம் தேங்காய் எண்ணெய் தடவவே வேண்டாம். எண்ணெய் இருந்தால் அலையை அளக்கத் தலையில் ஒட்டும் எலக்ட்ரோடு பிடிக்காது, பதிவு முழுக்க இரைச்சலாகும். தூங்கி எழுந்து, பால் குடித்துத் தெளிவாக இருக்கும் நேரமாகக் கேட்டு வாங்குங்கள். மகள் மடியிலேயே உட்கார வைத்து, திரையில் கறுப்பு வெள்ளைக் கட்டங்களை மாற்றி மாற்றிக் காட்டுவார்கள். எங்கள் அறையில் ஒருவர் திரைக்குப் பக்கத்தில் மணி ஆட்டுவார், இன்னொருவர் குழந்தையின் கண்ணையே பார்த்துக்கொண்டிருப்பார். பார்வை விலகினால் பதிவை நிறுத்திவிடுவோம்.

வரும் அலை சில மைக்ரோவோல்ட்தான். மூளையின் மற்ற மின்னலைகளில் அமுங்கிக் கிடக்கும். ஐம்பது தடவைக்கு மேல் பதிந்து சராசரி எடுத்தால்தான் ஒரு மேடு தெரியும். பெரியவர்களுக்கு அது 100 மில்லிசெகண்ட் வாக்கில் வரும். கண் நரம்பு அழற்சி வந்தவர்களுக்கு இந்த மேடு தாமதமாகிறது என்று 1972-ல் லண்டனில் ஹாலிடே குழுவினர் காட்டினார்கள்; இந்தப் பரிசோதனைக்கு மதிப்புக் கூடியது அதிலிருந்துதான். ஆனால் கைக்குழந்தையை அந்த 100-ஐ வைத்து எடைபோடக் கூடாது. ஒரு மாதக் குழந்தைக்கு 200 வாக்கில் வருவதும் சாதாரணம்; ஐந்தாறு மாதத்தில், பெரிய கட்டங்களுக்கு, பெரியவர்கள் அளவை நெருங்கிவிடும். உன் பேத்தி எட்டாம் மாதமே பிறந்தவள். பிறந்திருக்க வேண்டிய தேதியிலிருந்துதான் வயதைக் கணக்கிட்டார்களா என்று கட்டாயம் கேள்.

கண் ஆடுகிற குழந்தைக்குக் கட்டங்கள் இடம் மாறும் முறை அவ்வளவாக ஒத்துவராது. வெளிச்சத்தைப் பளிச்சிட்டுப் பார்ப்பார்கள். விவரம் குறைவு, ஆனாலும் ஒரு முக்கியமான கேள்விக்குப் பதில் கிடைக்கும்: கண் ஆடுவதற்குக் காரணம் அல்பினிசமா, அதாவது நிறமி குறைகிற பிறவிக் கோளாறா என்று. நம் எல்லாருக்கும் ஒரு கண்ணின் நரம்பு இழைகளில் பாதிக்குச் சற்று மேல் மட்டும் எதிர்ப்பக்க மூளைக்குத் தாண்டும். அல்பினிசம் உள்ளவர்களுக்கு அதைவிட நிறையத் தாண்டிவிடும். அதனால் ஒரு கண்ணை மூடி மறு கண்ணுக்கு வெளிச்சம் காட்டினால், அலை எதிர்ப்பக்கத்தில்தான் ஓங்கி நிற்கும். கண்ணை மாற்றினால் பக்கமும் மாறும். அல்பினிசத்தில் கண்ணை மட்டும் பாதிக்கிற வகையில் தலைமுடி கறுப்பாகவும் தோல் மாநிறமாகவும் இருக்கும், வீட்டில் யாருக்கும் சந்தேகமே வராது. இப்படிப்பட்ட குழந்தைகளுக்குக் காரணம் தெரிவது எத்தனை பெரிய காரியம் என்று நான் தினமும் பார்க்கிறேன்.

ஒன்று மட்டும் நினைவில் வை. அலை ஒழுங்காக வந்தால் செய்தி மூளைவரை போகிறது என்று அர்த்தம். அதை மூளை எப்படி எடுத்துக்கொள்கிறது என்பது வேறு. தட்டையான கோடு வந்தாலும் அதை வைத்தே பார்வை இல்லை என்று முடிவு கட்டிவிட முடியாது. தூக்கக் கலக்கம், கண்ணாடி போட வேண்டிய பவர், விழித்திரைக் கோளாறு எதுவும் காரணமாக இருக்கலாம். விழித்திரைக்கு ஈ.ஆர்.ஜி. என்று தனிப் பரிசோதனை உண்டு. அதையும் எழுதியிருக்கிறார்களா என்று பார். கருவி காட்டுவதற்கு இணையாக, வீட்டில் பாப்பா எந்த வெளிச்சத்துக்கு, எந்தப் பக்கம் திரும்புகிறாள் என்று உன் மகள் கவனித்துச் சொல்வதும் டாக்டருக்குத் தேவை. அதைக் குறித்து வைக்கச் சொல்.

அறிக்கையோடு அலைப்படத் தாளையும் போட்டோ எடுத்து அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீட்டில்தான் இருப்பேன், மகளை என்னோடு பேசச் சொல்.

அன்புடன்,
வசந்தா