கடல் பசுவுக்கு வட்ட வால் வேண்டாம்

மன்னார் வளைகுடாக் கரையோர ஊர்களில் விளக்கப் பலகைகளும் பாடப்படங்களும் அமைக்கும் அலுவலர்களுக்கு,

வணக்கம். இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரை ஊர் ஒன்றில் வைக்கப்பட்டுள்ள பலகையில், கடல் பசு என்ற பெயருக்கு மேலே வட்டமான, அகன்ற வாலுடைய விலங்கு ஒன்று வரையப்பட்டிருக்கிறது. அது அட்லாண்டிக் கடலின் இரு கரைகளிலும் அமேசான் ஆற்றிலும் வாழும் மானட்டி. நம் மீனவர்கள் ஆவுளியா என்றழைக்கும் கடல் பசுவுக்கு, ஓங்கிலுக்கு (டால்பினுக்கு) இருப்பதைப் போல நடுவில் பிளந்த வால் உண்டு. கடலடித் தரையில் வளரும் கடற்புல்லை வேரோடு பறித்து மேய்வதற்கேற்ப அதன் முகவாய் கீழ்நோக்கி வளைந்திருக்கும். 2022இல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் கடல் பசுப் பாதுகாப்பகமாக அரசு அறிவித்த பிறகும், அதன் உருவத்தை வேறொரு கண்டத்திடமிருந்து கடன் வாங்குவது பொருத்தமற்றது.

அதே பலகையில் ஆவுளியாவின் உணவாகக் காட்டப்பட்டிருப்பது ஆளுயரக் கெல்ப் பாசி. கெல்ப் குளிர்ந்த கடல்களுக்கு உரியது. கடற்புல் பாசியே அன்று; வேரும் தண்டும் பூவும் உள்ள தாவரம். நீள்வட்ட இலை, நுனியில் பல் வைத்த இலை, உருளையான இலை, நாடா போல நீண்ட இலை எனப் பல வகைகள் இங்கேயே இருக்க, எல்லாவற்றையும் ஒரே பச்சைத் தூரிகையால் இழுத்துவிடுவது ஓவியர் கடலைப் பார்க்கவில்லை என்பதைத்தான் காட்டுகிறது.

ஆமைகளில் இந்தப் பிழை இன்னும் நுட்பமானது, ஆகவே எளிதில் தப்பிவிடுகிறது. பேராமைக்கும் அழுங்காமைக்கும் ஓட்டின் நடுவரிசைக்கு இருபுறமும் நான்கு நான்கு தகடுகள். பங்குனி ஆமைக்கு ஐந்தும் அதற்கு மேலும் இருக்கும், இரண்டு பக்கமும் சமமாக இருக்க வேண்டும் என்பதுமில்லை. பேராமைக்கு மூக்குக்கு மேலே, கண்களுக்கு இடையில் ஓர் இணைச் செதில். அழுங்காமைக்கு இரண்டு இணை, அதோடு முதுகுத் தகடுகள் கூரை ஓடுகளைப் போல ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். இந்த எண்ணிக்கையை எண்ணித்தான் வரைய வேண்டும். நீருக்கடியில், கலங்கிய வெளிச்சத்தில் எடுத்த ஒளிப்படம் இவற்றை ஒருசேரக் காட்டுவது அரிது; அறிவியல் ஓவியம் இன்றும் தேவைப்படுவதற்கு முதல் காரணம் இதுவே. சங்கு பற்றியும் ஒரு சொல்: இடவசதிக்காகப் படத்தை இடவலமாகத் திருப்பி அச்சிட்டால் சாதாரணச் சங்கு வலம்புரியாகிவிடும். வடிவமைப்பாளர் அறியாமல் செய்யும் இந்தத் திருப்பத்தை விலை போட்டு வாங்க ஆள் இருக்கிறது!

பவளத்தை வெள்ளையாக வரையும் வழக்கத்தையும் கைவிட வேண்டும். வெள்ளை என்பது வெளிறிய பவளத்தின், அல்லது இறந்த பவளக் கூட்டின் நிறம். உயிருள்ள பவளத்துக்கு அதனுள் வாழும் நுண்பாசிகள் பழுப்பும் மங்கிய பச்சையும் தருகின்றன.

எனவே நான் கேட்பது இதுதான்: படங்களை இணையத்திலிருந்து எடுப்பதை நிறுத்தி, இங்குள்ள ஓவியர்களிடம் கொடுங்கள். வண்ணம் தீட்டும் முன்பே கோட்டு வரைவை இரு தரப்பாரிடம் காட்டுங்கள். ஒரு தரப்பு கடல் உயிரியலாளர்கள். மண்டபத்திலேயே மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டல மையம் இருக்கிறது. மற்றொரு தரப்பு, சின்னப்பாலம் போன்ற ஊர்களில் தீவுகளுக்குப் பாசி எடுக்கச் செல்லும் பெண்கள். மரிக்கொழுந்துப் பாசியையும் கட்டக்கோரையையும் கைபட்டதும் பிரித்தறிகிற அவர்களுக்கு, எது எந்த ஆழத்தில், எந்தப் பாறையில், எந்த மாதத்தில் வளர்கிறது என்பது மனப்பாடம். அவர்கள் செலவிடும் நேரத்துக்கும் கூலி தரப்பட வேண்டும் என்பதை வற்புறுத்துகிறேன்.

ஒவ்வொரு படத்திலும் அளவுகோலும், உள்ளூர்ப் பெயரும், ஓவியரின் பெயரும் இருக்கட்டும். ஒப்பந்தத்தில் திருத்தங்களுக்குத் தனியே ஊதியம் ஒதுக்குங்கள். அப்போதுதான் பிழையைச் சுட்டிக்காட்டும்போது ஓவியர் நட்டமில்லாமல் மீண்டும் வரைய முடியும்.

இப்படிக்கு,
இக்கரையில் வாழும் இயற்கை ஓவியர் ஒருவர்