மருந்து கொடுத்தாயிற்று, அப்புறம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

மருந்துப் பிழைகள் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்று ஐந்தையும் பொறுமையாக விளக்கியிருந்தீர்கள், நல்லது. ஆனால் ஊசி போட்டதோடு கட்டுரை முடிந்துவிட்டது. வார்டில் நைட் டியூட்டி நிறையப் பார்த்தவள் என்பதால் சொல்கிறேன், பாதி ஆபத்து அதற்கப்புறம்தான்.

கடுமையான வலிக்குக் கொடுக்கும் மார்ஃபினையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆபரேஷன் முடிந்து வந்தவருக்கு வலி தாங்கவில்லை, டாக்டர் எழுதிய அளவு அப்படியே கொடுக்கப்படுகிறது, ஐந்தில் ஒன்றிலும் குறை இல்லை. கொஞ்ச நேரத்தில் அசந்து தூங்குகிறார். "இப்பத்தான் கண்ண மூடினார், எழுப்பாதீங்க சிஸ்டர்" என்பார்கள் வீட்டு ஆட்கள். நமக்கும் எழுப்ப மனம் வராது. ஆனால் அது வலி விட்ட தூக்கமா, மருந்து மூச்சை அமுக்குகிற மயக்கமா என்பது பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தால்தான் தெரியும். ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவைப் பார்க்க விரலில் மாட்டிய கருவி 98 சதவீதம் காட்டுகிறதே என்று விட்டுவிடவும் முடியாது. மூக்கில் ஆக்ஸிஜன் போய்க்கொண்டிருந்தால், மூச்சு நிமிடத்துக்கு 8 ஆகக் குறைந்த பிறகும் அந்த எண் ரொம்ப நேரம் அசையாமல் நிற்கும்.

எந்த வார்டிலாவது சார்ட்டை எடுத்து, மூச்சு எண்ணிக்கை எழுதும் கட்டத்தை மட்டும் மேலிருந்து கீழே பாருங்கள். காலையில் 20, மதியம் 20, ராத்திரி 20. பக்கத்துப் படுக்கைக்காரருக்கும் 20! எண்ணாமலே எழுதியது. பிபிக்கும் பல்ஸுக்கும் மெஷின் இருக்கிறது, மூச்சுக்கு மட்டும் ஒரு ஆள் ஒரு நிமிடம் முழுசாக நெஞ்சைப் பார்த்துக்கொண்டு நின்று எண்ண வேண்டும், அந்த ஒரு நிமிடத்துக்குள் நாலு பேர் கூப்பிடுவார்கள், எங்கேயோ ஒரு அலாரம் காரணமில்லாமல் கத்தும். சோம்பேறித்தனம் என்று சொல்கிறவர்கள் ஒரு ராத்திரி வந்து நின்று பார்க்கட்டும். ஆள் பற்றாக்குறையை விட்டுவிட்டு நர்ஸை மட்டும் திட்டினால் கட்டத்தில் மறுபடியும் 20தான் வரும்.

மற்ற மருந்துகளிலும் இதே கதைதான். சாப்பாட்டு நேர இன்சுலின் போட்டாயிற்று, சாப்பாடு வந்ததா, வந்ததைச் சாப்பிட்டாரா என்று யார் பார்த்தது? ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவருக்கு, ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் ஐ.என்.ஆர். டெஸ்ட் கடைசியாக எப்போது பார்த்தார்கள்? சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய ஜென்டாமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் போகிறவருக்குச் சிறுநீரகம் எப்படி இருக்கிறது? டெஸ்ட் எழுதியிருப்பார்கள், ரத்தமும் எடுத்திருப்பார்கள், ரிசல்ட் மட்டும் யார் கண்ணிலும் படாமல் கிடக்கும்.

மருந்துகளால் வரும், தவிர்க்கக்கூடிய கடுமையான பாதிப்பை 5 ஆண்டில் பாதியாகக் குறைப்போம் என்று உலக சுகாதார நிறுவனம் 2017-ல் ஒரு திட்டம் தொடங்கியது. பிழை நடக்கும் கட்டங்களில் கண்காணிப்பையும் சேர்த்துத்தான் அவர்கள் சொல்கிறார்கள். பத்திரிகைகளுக்கு என்னவோ தவறான ஊசி போட்டால்தான் செய்தி.

அடுத்த முறை எழுதும்போது வீட்டு ஆட்களுக்கும் நாலு வரி எழுதுங்கள். வலி மருந்துக்குப் பிறகு புதிதாகக் குறட்டை கேட்டாலோ, மூச்சு நின்று நின்று வந்தாலோ, தட்டிக் கூப்பிட்டும் சரியாகப் பதில் வராவிட்டாலோ, தூங்கட்டும் என்று விடாமல் உடனே நர்ஸைக் கூப்பிட வேண்டும். "சும்மா சும்மா கூப்பிடாதீங்க" என்று யாராவது எரிந்து விழுந்தாலும் கூப்பிடட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்